வேலூர் – ஆம்பூர் வட்டாரத்தில் மலை மிதிவண்டிப் பராமரிப்பு

மலை மிதிவண்டி என்பது கரடுமுரடான பாதைகளிலும் செங்குத்தான ஏற்ற இறக்கங்களிலும் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். பேச்சு வழக்கில் இது மவுண்டன் பைக் அல்லது எம்.டி.பி. எனப்படுகிறது. அகலமான பட்டன் டயர், நேரான ஹேண்டில்பார், ஏற்றத்துக்கு உதவும் கியர்கள், வலுவான பிரேக் ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன் ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பரும் இருக்கும்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுப் பகுதி தோல் பதனிடும் தொழிலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இங்கே வாரம் முழுவதும் தொழிற்சாலைக்கோ கல்லூரிக்கோ போய்வரும் அதே வண்டி, விடுமுறை நாளில் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ ஏறுகிறது. சமவெளிச் சாலையில் தேய்ந்த பிரேக் கட்டையும் தளர்ந்த போல்ட்டும் பல மாதங்கள் தொந்தரவு தராமலே இருந்துவிடும். மலை இறக்கத்தில் அந்தக் குறை தெரியவரும்போது அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது. எனவே இந்த வட்டாரத்தில் மலை மிதிவண்டிப் பராமரிப்பு என்பது முதலில் பிரேக் பராமரிப்பு. மற்றவை அதற்குப் பின்.

வரலாறு

மலை மிதிவண்டி விளையாட்டு 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மரின் கவுண்டி என்னும் பகுதியில் உருவானது. அங்கிருந்த இளைஞர்கள் பழைய கனமான மிதிவண்டிகளில் மண்பாதை வழியாக மலையிலிருந்து இறங்கிப் போட்டியிட்டனர். 1976இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. அந்த வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்பின் உள்ளே பிடிக்கும் பிரேக் இருந்தது. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடேறி உள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் அதைப் பிரித்துப் புதிய கிரீஸ் வைக்க வேண்டும். மீண்டும் கிரீஸ் அடைக்கும் அந்த வேலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பந்தயத்தின் பெயராயிற்று.

1977இல் ஜோ பிரீஸ் இத்தகைய ஓட்டத்துக்கென்றே தனிச் சட்டகம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' பெரிய அளவில் உற்பத்தி செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டி ஓட்டம் போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில் மிதிவண்டி உற்பத்தி முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தோடு பெரிதும் தொடர்புடையது. 1949இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் வீட்டுப் பெயர்களாயின. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுவதால், சிற்றூர்களிலும் சைக்கிள் பழுதுபார்ப்போருக்கு வேலை இருந்துவருகிறது. பஞ்சர் ஒட்டுவது, ரிம்மின் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது ஆகியவற்றில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பல கியர் அமைப்பு ஆகியவற்றுக்கு அதற்குரிய கருவிகள் உள்ள கடையை நாட வேண்டியிருக்கும்.

வட்டாரச் சூழலும் வண்டியும்

இப்பகுதியில் வண்டியைப் பாதிப்பவை முக்கியமாக நான்கு.

மணலும் புழுதியும்: ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றை ஒட்டிய சாலைகளில் நுண்மணல் அதிகம். எண்ணெயோடு கலந்த மணல் உப்புத்தாள் போல வேலை செய்து செயினையும் பற்சக்கரத்தையும் தேய்க்கும்.

உப்பு: பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. தோல் கிடங்குகளின் அருகே தரையிலும் ஈரத்திலும் உப்பு இருக்கும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஸ்போக்ஸ், செயின், போல்ட் ஆகியவை விரைவில் துருப்பிடிக்கும். தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உவர்ப்பானது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இன்றும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாகவே உள்ளது. அந்த நீரில் வண்டியைக் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படிவம் தங்கும். கழுவியதும் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

வெயில்: கோடையில் வேலூரில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். திறந்த வெளியில் நாள் முழுவதும் நிற்கும் வண்டியின் டயர் ரப்பர் வெடிப்பு விடும். பிரேக் கட்டை இறுகிப் பிடிப்பை இழக்கும்.

முள்: சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் பஞ்சருக்கு முதற்காரணங்கள்.

பிரேக்

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம் வரை எழும் மலை. பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. ஏறும்போது ஓட்டுபவரின் கால் களைக்கும். இறங்கும்போது அந்த வேலை முழுவதும் பிரேக்குக்கு மாறுகிறது.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ எடை, இறங்கும் உயரம் 650 மீட்டர் எனக் கொண்டால், வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 5.7 லட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது முழுவதும் ரிம்மிலோ டிஸ்க்கிலோ வெப்பமாகிறது. மெதுவாக இறங்குபவருக்குக் காற்றின் உதவி குறைவு என்பதால் பிரேக்கின் பங்கு இன்னும் கூடும்.

ரிம் பிரேக் உள்ள வண்டியில் கவனிக்க வேண்டியவை:

பிரேக் கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் கட்டையை மாற்ற வேண்டும். கோடு தெரிந்தாலும் மேற்பரப்பு பளபளவென்று இறுகியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். கட்டை ரிம்மில் மட்டுமே படிய வேண்டும். டயரைத் தொட்டால் இறக்கத்தில் டயரை அறுத்துவிடும். ரிம்மின் பக்கச்சுவர் உட்குழிந்து விரல் தடவினால் பள்ளம் தெரிந்தால், ரிம் ஆயுள் முடிந்தது எனக் கொள்ள வேண்டும்.

பிரேக் ஒயரின் முனையில் ஒரு இழை அறுந்திருந்தாலும் முழு ஒயரையும் மாற்றுவது நல்லது. இது விலை குறைந்த பாகம். லீவரை முழு பலத்தோடு இழுத்தாலும் அது கைப்பிடியைத் தொடக்கூடாது. தொட்டால் லீவர் அருகிலுள்ள திருகை வெளிப்புறமாகத் திருகி ஒயரை இறுக்கலாம். அது போதாவிட்டால் பிரேக் பக்கமுள்ள போல்ட்டைத் தளர்த்தி ஒயரை இழுத்து மீண்டும் முடுக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் முதல் விதி, டிஸ்க்கில் எண்ணெய் படக்கூடாது என்பது. செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கும்போது தெறிக்கும் துளிகளே பல பிரேக்குகள் பிடிக்காமல் போகக் காரணம். செயினுக்குச் சொட்டு எண்ணெயே பாதுகாப்பானது. டிஸ்க்கை விரலால் தொடாமல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைக்கலாம். பேடின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்வதற்குள் மாற்றிவிட வேண்டும். புதிய பேட் போட்டதும் நேராக மலைக்குப் போகக் கூடாது. சமவெளியில் மிதமான வேகத்திலிருந்து நிற்பதற்குச் சற்று முன்வரை இருபது முறை பிரேக் பிடித்து விட்டால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்.

ஹைட்ராலிக் பிரேக்குகளில் சில மினரல் ஆயிலிலும் சில டாட் வகைத் திரவத்திலும் இயங்குகின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெடும். லீவரின் மேல் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்தே நிரப்ப வேண்டும். லீவர் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்றுக்குமிழி உள்ளது என்று பொருள். அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

இறங்கும் முறை

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கைத் தளர்த்தித் திரும்புவதே முறை. இடைவிடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம்முக்கோ டிஸ்க்குக்கோ ஆற நேரம் கிடைப்பதில்லை. இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். நிறுத்தும் சக்தியின் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் உள்ளது. பின் பிரேக் மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கும். முன் பிரேக் பிடிக்கும்போது உடலைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். பேருந்துகள் கொண்டை ஊசி வளைவில் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே இடது ஓரத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

கருகிய வாடை வந்தாலோ, லீவர் முன்பைவிட அதிகம் உள்ளே போனாலோ உடனே ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது நெளியும். கையால் தொட்டால் சுடும். ரிம் பிரேக் வண்டியில் ரிம் மிகச் சூடானால் டியூபிலுள்ள பழைய பஞ்சர் ஒட்டு இளகிக் காற்று இறங்கக்கூடும். இதனால் பல ஒட்டுகள் உள்ள டியூபை முன்சக்கரத்தில் போட்டு மலைக்குப் போவதைத் தவிர்க்க வேண்டும்.

செயினும் கியரும்

செயினுக்கு வண்டிப் பட்டறையில் கிடைக்கும் கழிவு எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. அது ஏற்கெனவே உலோகத்தூளும் கரியும் கலந்தது. தடிப்பாக இருப்பதால் புழுதியையும் இழுத்துக்கொள்ளும். காலணித் தையல் பிரிவுகளில் பயன்படும் தையல் மெஷின் எண்ணெய் தூய்மையானது. கியர் ஒயருக்கும் லீவர் மூட்டுகளுக்கும் அது ஏற்றது. செயினுக்குப் போட்டால் மிக மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் வற்றிவிடும். செயினுக்கென விற்கும் எண்ணெயில், வறண்ட காலத்துக்கு உலர் வகையும் மழைக்காலத்துக்கு ஈர வகையும் ஏற்றவை.

செயினை மண்ணெண்ணெய் அல்லது டீகிரீசரில் தேய்த்துக் கழுவி, முழுவதும் உலர்ந்தபின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு விட வேண்டும். பெடலைப் பின்னோக்கிச் சில சுற்று சுற்றி, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்புற எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருக்க வேண்டியது மூட்டின் உள்ளேதான். வெளியே இருப்பது மணலைச் சேர்க்கவே பயன்படும்.

செயின் தேய்மானத்தைச் சாதாரண ஸ்கேலால் அளக்கலாம். புதிய செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம் இருக்கும். ஆகவே 24 இடைவெளிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் செயினை மாற்றும் நேரம். 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் ஆகும்வரை விட்டால் பின் பற்சக்கரமும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும். அப்போது புதிய செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது நழுவும்; இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

ஏற்றத்தில் கால் திணறத் தொடங்கும் முன்பே எளிய கியருக்கு மாற வேண்டும். முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் அறுந்துபோக வாய்ப்புண்டு. முன்புறம் பெரிய பற்சக்கரம், பின்புறமும் பெரிய பற்சக்கரம் எனச் செயினைக் குறுக்காக இழுத்து ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

டயரும் டியூபும்

டயரின் பக்கச்சுவரில் குறைந்தபட்ச, அதிகபட்சக் காற்றழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எல்லைக்குள், தார்ச்சாலைக்குச் சற்று அதிகமாகவும் மண்பாதைக்குச் சற்றுக் குறைவாகவும் வைப்பது நல்லது. காற்று மிகக் குறைந்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு துளைகள் விழும். கோடையில் முழு அழுத்தம் ஏற்றிய வண்டியை வெயிலில் நிறுத்தக் கூடாது.

பஞ்சர் ஒட்டும் முன் டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து முள்ளை எடுக்க வேண்டும். விரலுக்குப் பதில் பஞ்சை வைத்துத் தடவினால் முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். டியூபைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சொல்யூஷன் தடவி, அது ஈரம் போய்ப் பிசுபிசுப்பாகும்வரை பொறுத்தே ஒட்டுப் போட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டியவை வெயிலில் கிளம்பிவிடும்.

முள் அதிகமுள்ள பாதையில் போவோர் டயருக்கும் டியூபுக்கும் இடையே வைக்கும் பட்டை அல்லது டியூபுக்குள் ஊற்றும் சீலன்ட் பயன்படுத்தலாம். இங்குள்ள வெப்பத்தில் சீலன்ட் சீக்கிரம் உலர்வதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்.

சக்கரம், பேரிங், போல்ட்

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா எனப் பார்க்க வேண்டும். ஸ்போக்ஸை இரண்டிரண்டாகக் கையால் அழுத்தினால் தளர்ந்தது தனியே தெரியும். கோட்டம் எடுப்பது பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

முன் பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில்பாரின் கீழே 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்துள்ளது. பெடலை மாற்றும்போது இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். வழக்கமான திசையில் திருகினால் அது மேலும் இறுகும். ஃபோர்க்கின் வழவழப்பான குழாய்களை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் உலர்ந்த துணியால் துடைத்தால், புழுதி உள்ளே போய் சீல் கெடாது. அங்கே மண்ணெண்ணெய் படக் கூடாது.

இருக்கை, கையுறை, காலணி

மிதிவண்டியின் தோல் இருக்கை, தோல் பதனிடும் ஊர்களில் இருப்போர்க்கு எளிதில் புரியக்கூடியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1866இல் குதிரைச் சேணம் முதலிய தோல் பொருள்கள் செய்யத் தொடங்கிய ஜான் பூல்ட்பீ புரூக்ஸ், 1882இல் மிதிவண்டி இருக்கைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வகை இருக்கையில் பஞ்சு இல்லை. தடித்த தோல் ஒன்று இரு முனைகளுக்கிடையே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும்.

இதற்குத் தாவரப் பதனம் செய்த தோலே பயன்படுகிறது. பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்பால் பதனிடப்படும் இத்தோல் விறைப்பானது. உடலுக்கேற்பப் படிந்து அந்த வடிவத்திலேயே நிற்கும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல் ஒரு காலத்தில் பெருமளவில் ஏற்றுமதியானது. இன்று காலணியின் மேற்பகுதிக்குப் பெரும்பாலும் பயன்படும் குரோம் பதனத் தோல் மென்மையானது, நன்றாக மடங்கும். இழுத்துக் கட்டினால் தொய்ந்துவிடும். ஆகவே கிழிந்த தோல் இருக்கைக்குக் காலணித் தோலை வைத்து மாற்றுவது நீடிக்காது. பஞ்சு வைத்த இருக்கைக்கு மேலுறை தைக்க அதே குரோம் தோல் நன்றாகப் பயன்படும்.

தோல் இருக்கை மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் தோல் தளர்ந்து குழிவிழும். மெழுகு கலந்த தோல் பாலிஷை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தடவினால் போதும்.

கையுறையின் உள்ளங்கைப் பகுதி தோலாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். விழுந்தால் முதலில் தரையைத் தொடும் கையையும் காக்கும். வியர்வை உப்பு தோலை இறுக்கும் என்பதால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் போட வேண்டும். காலணிக்கு வளையாத அடிப்பாகம் தேவை. கயிறு தொங்கினால் செயினில் மாட்டும்; அதை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும்.

தலைக்கவசமும் விளக்கும்

மிதிவண்டித் தலைக்கவசம் இலேசானது, காற்றோட்டம் உள்ளது. ஐரோப்பியத் தர எண் இ.என். 1078 போன்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்கலாம். இரண்டு பக்கப் பட்டைகளும் காதின் கீழ் இணைய வேண்டும். தாடைப்பட்டையின் உள்ளே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

இரவு ஷிப்ட் முடிந்து தேசிய நெடுஞ்சாலை 48 வழியாகத் திரும்புவோருக்குப் பின்புறச் சிவப்பு விளக்கு தலைக்கவசத்துக்கு இணையான தேவை. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நாம் இருப்பது தெரிவதே அதன் பயன். ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருப்பதிலிருந்தே அங்குள்ள இரவின் இருட்டை உணரலாம். அப்பக்கம் செல்வோர் இருட்டுமுன் இறங்கிவிடத் திட்டமிட வேண்டும். காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியை ஓட்டக் கூடாது.

உடன் எடுத்துச்செல்ல வேண்டியவை: ஒரு புதிய டியூப், பஞ்சர் பெட்டி, கைப்பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, ஆலன் கீ தொகுப்பு, செயின் இணைப்புத் துண்டு, இரண்டு லிட்டர் குடிநீர்.

பராமரிப்பு அட்டவணை

ஒவ்வொரு முறை ஏறும் முன்: காற்று, இரண்டு பிரேக் லீவர், சக்கர அச்சின் பிடிப்பு.

வாரம் ஒருமுறை: செயினைத் துடைத்து எண்ணெய் விடுதல், டயரில் முள், வெடிப்பு பார்த்தல், உப்புப் படிவைத் துடைத்தல்.

மாதம் ஒருமுறை: பிரேக் கட்டை அல்லது பேட் தடிமன், பிரேக் ஒயர், ஸ்போக்ஸ், எல்லா போல்ட்டுகள், செயின் நீளம்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும்: ஹப், பெடல், ஹெட்செட் ஆகியவற்றைப் பிரித்துக் கழுவிப் புதிய கிரீஸ் வைத்தல்; பிரேக், கியர் ஒயர்களை மாற்றுதல்; ஹைட்ராலிக் பிரேக்காயின் திரவத்தை மாற்றுதல்.

மலைக்குச் செல்வதற்கு முந்தைய நாள், மாதச் சோதனை முழுவதையும் ஒருமுறை செய்துவிட வேண்டும். அன்று காலையில் குறை தெரியவந்தால் கடை திறந்திருக்காது. முந்தைய நாள் மாலையென்றால் தெருமுனைக் கடையிலேயே ஒரு பிரேக் கட்டையை மாற்றிக்கொள்ளலாம்.